அத்தியாயம் 6: மார்கழி விடியலில் ஸ்டீரிங் ஒடிக்கும்போது

திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு கார் போகும். எதிரே ஸ்கூட்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். மார்கழி மாதம், விடியற்காலை ஐந்து மணி. ஒலிபெருக்கியில் திருவெம்பாவை, வாசலுக்கு வாசல் கோலம். வண்டியைத் திருப்ப இடமில்லாமல் முன்னே இரண்டு தரம், பின்னே இரண்டு தரம் என்று ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து ஒடித்து எடுத்துக்கொண்டிருந்தேன். இடது முன் டயர் ஒரு கோலத்தின் ஓரத்தில் ஏறிவிட்டது.

"ஏம்பா, அவ்ளோ இடம் இருக்குதே, கோலத்து மேலதான் ஏத்தணுமா?" என்றார் வாளியோடு நின்ற அம்மா.

மன்னிப்புக் கேட்க இறங்கியவன் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். டயர் நேராக ஏறிய இடத்தில் பட்டன் அச்சு முத்திரை குத்தியதுபோல் சுத்தமாக விழுந்திருந்தது. ஒடித்துத் திருப்பிய இடத்தில் மாவு பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. அந்த இழுப்பும் ஒரே சீராக இல்லை. விரல் அகலத்துக்கு ஓர் இழுப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஓர் இழுப்பு. வண்டிக்குள் எனக்கு 'டொக்... டொக்...' என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் தெருவில் எழுதிவைத்ததுபோல் கிடந்தது.

பனிக்காலத்தில் இந்தச் சத்தத்தோடு மெக்கானிக் கடைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். சிலர் டை ராடு மாற்றுகிறார்கள், சிலர் ஷாக் அப்சார்பர் மாற்றுகிறார்கள். பாதிப் பேருக்குக் குறை டயரில்தான் இருக்கும், அதுவும் காசு செலவில்லாத குறையாக.

தேர் திரும்புவதைப் பாருங்கள்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் பெரிய தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தேருக்கு ஸ்டீரிங் கிடையாது. அச்சு அசையாது, சக்கரம் நேராக மட்டுமே உருளும். மூலையில் திரும்ப வேண்டுமானால் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கட்டையைச் செருகிச் செருகி, சக்கரத்தைத் தரையோடு அரைத்துத்தான் திருப்ப வேண்டும். தேர் அங்கே நகர்வதைவிட அதிகமாக முனகும். உருள வேண்டிய சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் அப்படித்தான்.

காரின் முன்சக்கரங்கள் திரும்புகின்றன என்பதால் இந்த அரைபடுதல் போய்விட்டது என்று நினைக்கிறோம். முழுக்கப் போகவில்லை. வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. இரண்டும் இழுபடாமல் உருள வேண்டுமானால் உள்சக்கரம் கூடுதலாகத் திரும்பியிருக்க வேண்டும். ஒரு சின்ன ஹேட்ச்பேக்கில் வெளிச்சக்கரம் 30 டிகிரி திரும்பினால் உள்சக்கரம் 40ஐத் தாண்ட வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. இந்தக் கணக்குக்கு ஆக்கர்மன் அமைப்பு என்று பெயர். குதிரை வண்டிக் காலத்திலேயே வந்தது. மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர் கண்டுபிடித்ததை, லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் அவருக்காக 1818இல் காப்புரிமை எடுத்தார். பெயர் கடைக்காரருக்கு நின்றுவிட்டது.

கார் கம்பெனிகள் இந்தக் கணக்கை அப்படியே கடைப்பிடிப்பதில்லை. வேகத்தில் வண்டி நிலையாக ஓட வேண்டும், சக்கரம் மட்கார்டில் இடிக்கக் கூடாது என்று பல விஷயங்களுக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். நேராகப் போகும்போதும் மிதமாகத் திரும்பும்போதும் இது தெரியாது. கடைசிவரை ஒடித்த நிலையில் மட்டும் இரண்டு முன் டயர்களும் வேறு வேறு வட்டத்தில் போகப் பார்க்கும். அப்போது ஒன்று பக்கவாட்டில் இழுபட்டே தீரும்.

ரப்பர் இளகியிருந்தால் மெல்ல வழுக்கிப் போகும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ரப்பர் விறைத்திருந்தால் தரையைப் பிடித்துக்கொண்டு வளையும், தாங்க முடியாத அளவுக்கு வந்ததும் சட்டென்று விடும், மறுபடி பிடிக்கும். அந்தப் பிடிப்பும் விடுதலும்தான் டொக் டொக்.

குளிர் எவ்வளவு இருந்தால் குளிர்?

2016-17 வாக்கில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மெர்சிடிஸ் ஜிஎல்சி வாங்கியவர்கள் பலர் இதே புகாரைச் சொன்னார்கள். குளிர்ந்த காலையில் வீட்டு வாசலில் முழுக்க ஒடித்து எடுத்தால் முன்பக்கம் குதிக்கிறது என்றார்கள். அவையெல்லாம் நம்மைப்போல் வலதுபக்க ஸ்டீரிங் வண்டிகள்; அகலமான கோடைக்கால டயர்கள். டயரை மாற்றியவர்களுக்குக் குதிப்பு அடங்கியது. கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும் என்பது ஐரோப்பிய டயர் கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

திருவண்ணாமலையில் மார்கழி விடியல் 18, 19 டிகிரி. நாம் ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு கிரிவலம் போனாலும் டயருக்கு அது குளிரே இல்லை. ஜவ்வாது மலை மேலே ஜமுனாமரத்தூரில் இன்னும் நாலைந்து டிகிரி குறையும். அதுவும் பெரிய விஷயமில்லை. தமிழ்நாட்டில் டயர் நிஜமாகவே குளிரைப் பார்ப்பது ஊட்டி தலைகுந்தா பக்கம், ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் அதிகாலைகளில்தான்.

அப்படியானால் தேரடிப் பக்கத்துச் சந்தில் என் வண்டி ஏன் குதித்தது? இரண்டு காரணம். ஒன்று காற்று, இன்னொன்று டயரின் வயது. இரண்டுமே குளிரில் கெடுவதில்லை. சித்திரை வெயிலும் நம் சோம்பலும் ஏற்கெனவே கெடுத்துவைத்ததை மார்கழி வந்து காட்டிக்கொடுக்கிறது.

மதியம் அடித்த காற்று

அன்று காலை கோலத்துக்கார அம்மாவிடம் திட்டு வாங்கிய கையோடு பஞ்சர் கடைக்குப் போனேன். கேஜை வைத்துப் பார்த்தவர் நிமிராமலே கேட்டார்: "இன்னா சார், நேத்து மதியானம் சூட்டுல அடிச்சதா?"

அதேதான். முந்தின நாள் சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக 190 கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் ஓட்டி வந்து, ஊர் எல்லையில் ஒரு பங்கில் காற்றுப் பார்த்தேன். 38 காட்டியது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33. "அதிகமா இருக்கு" என்று பங்குப் பையன் 5 பிஎஸ்ஐ இறக்கிவிட்டான். நானும் டிப்ஸ் கொடுத்தேன்.

கணக்கைப் பாருங்கள். ஓடி வந்த டயருக்குள் காற்று 55 டிகிரி சூட்டில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் 33 என்று நிறுத்தினால், மறுநாள் விடியலில் 19 டிகிரிக்கு ஆறும்போது 28க்கு வந்து நிற்கும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டயர் ஓட்டையில்லை, வால்வு கசியவில்லை. ஆனாலும் 5 பிஎஸ்ஐ காணோம்.

ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எண் ஆறிய டயருக்கானது. ஆறிய டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி. ஓடி வந்த டயர் 37, 38 காட்டினால் அது சரியாக இருக்கிறது என்று அர்த்தம், இறக்கக் கூடாது. வேறு வழியில்லாமல் சூட்டில்தான் அடிக்க வேண்டுமென்றால் ஸ்டிக்கர் எண்ணுக்கு மேல் 4 பிஎஸ்ஐ வைத்து அடியுங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் சொந்தக் கேஜில் ஒரு தரம் பாருங்கள். பங்குக்குப் பங்கு கேஜ் மாறும் என்பதால், டேஷ்போர்டில் போட்டுவைக்கிற சின்ன கேஜ் ஒன்று வாங்கிக்கொள்வது இந்தப் புத்தகம் முழுக்க நான் சொல்லும் செலவுகளிலேயே உருப்படியானது.

காற்றுக் குறைந்த டயரில் ஸ்டீரிங் ஒடித்தால் முதலில் தெரிவது கனம். டயரின் தோள் பகுதி தரையில் படுத்து அரைபடும். ஓரப் பட்டன்கள் மட்டும் சீக்கிரம் தேயும். இன்னொன்று, அவசரத்தில் நடைபாதைக் கல்லின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்துகிறோம் இல்லையா, அப்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் சைடு வால் நசுங்கும். உள்ளே நூல் அறுந்தால் சில நாளில் கொப்புளம்போல் வீங்கும். கொப்புளம் வந்த டயருக்கு வைத்தியம் கிடையாது, கழற்றி எறிய வேண்டியதுதான்.

காற்றழுத்தம் காட்டும் சென்சார் உள்ள வண்டிகளில் விடியலில் மஞ்சள் விளக்கு எரிந்து, பத்து கிலோமீட்டர் போனதும் அணைந்துவிடும். அணைந்ததே என்று விட்டுவிடாதீர்கள். டயர் சூடாகி அழுத்தம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிரில் இரண்டும் ஒரே மாதிரிதான் சுருங்கும்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறுக்குக் கணக்கு

"மலைக்குப் போறீங்களா, காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டுப் போங்க" என்று ஒருவர் சொல்வார். "குளிருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று இன்னொருவர் சொல்வார். இருவருமே தங்கள் பங்குக்குச் சரியான பாதியைச் சொல்கிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் நம் ஊரைவிட 3 பிஎஸ்ஐக்கு மேல் குறைவு. அதனால் கேஜ் அந்த அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். அதே நேரம் குளிர் அதை இறக்கும். திருவண்ணாமலையில் 30 டிகிரி நிழலில் ஆறிய டயரில் 33 அடித்துக்கொண்டு போனால், தலைகுந்தாவில் 2 டிகிரி விடியலில் 32க்குக் கொஞ்சம் கீழே காட்டும். அவ்வளவுதான் வித்தியாசம். இறக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

அங்கே கவனிக்க வேண்டியது விடுதி வாசல். சரிவில் நிறுத்திய வண்டி, புல் ஓரத்தில் பனி, விறைத்த டயர். எடுத்தவுடன் முழுக்க ஒடித்து மேட்டில் ரிவர்ஸ் போனால் முன்சக்கரம் சுற்றும் அல்லது குதிக்கும். இரவு நிறுத்தும்போதே மறுநாள் நேராக வெளியே வரும்படி திருப்பி நிறுத்துங்கள். காலையில் முதல் ஐந்து நிமிடம் இன்ஜின் கூடுதல் வேகத்தில் ஓடும். ஆட்டோமேட்டிக் வண்டி பிரேக்கை விட்டதும் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக நகரும். பின்னால் தடுப்புச் சுவர் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

தார், ஜிம்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. குளிர்கிறது, ஈரமாக இருக்கிறது என்று ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு காய்ந்த தார் ரோட்டில் யூ டர்ன் அடிக்காதீர்கள். இந்த வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் கட்டிப்போடப்படும். திருப்பத்திலோ இரண்டும் வேறு வேறு தூரம் போக வேண்டும். அந்த வித்தியாசம் டயரில் குதிப்பாக வெளியே வரும், இல்லாவிட்டால் கியர் பெட்டியில் முறுக்காக ஏறும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கிக்கொள்வதால் தெரிவதில்லை. போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் தார் ரோட்டுக்கு டூ வீலே போதும்.

நான்கு இலக்கம்

டயரின் சைடு வாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. உள்பக்கமாகப் பொருத்தியிருந்தால் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிரமம் பாராமல் பாருங்கள்.

நம் ஊரில் டயர் தேய்ந்து சாவதைவிடக் காய்ந்து சாவதே அதிகம். மாதம் ஒரு பௌர்ணமிக்கும், வருஷத்துக்கு ஒரு குலதெய்வத்துக்கும் மட்டும் எடுக்கும் வண்டி. மீதி நாளெல்லாம் 40 டிகிரி வெயிலில் வாசலில் நிற்கும். பட்டன் ஆழமாக இருக்கும், பார்க்கப் புதிது மாதிரி இருக்கும். நகத்தால் அழுத்தினால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். பட்டன்களுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு ஓடும். ஆறேழு வருஷம் ஆன இந்த ரப்பருக்கு 19 டிகிரியே போதும், ஐரோப்பிய டயர் 5 டிகிரியில் செய்வதை இது செய்யும். என் வண்டியில் இருந்ததும் இப்படிப்பட்ட டயர்தான். கிலோமீட்டர் கணக்குப் பார்த்தேனே தவிர வருஷக் கணக்குப் பார்க்கவில்லை.

பார்க்க அழகாக இருக்கிறது என்று பெரிய அலாய், அகலமான தாழ்ந்த டயர் மாட்டியவர்களுக்கும் இந்தக் குதிப்பு சீக்கிரம் வரும். அகலம் கூடக்கூடப் பக்கவாட்டில் இழுபடும் ரப்பர் அதிகம்; சைடு வால் குட்டையானதால் வளைந்துகொடுக்க இடமும் குறைவு.

தீபத்துக்கு வந்து நான்கைந்து நாள் அசையாமல் நின்ற வண்டியில் வேறொரு சத்தம் வரும். கிளம்பியதும் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் 'தப் தப்' என்று அடிக்கும். டயர் தரையில் பட்ட இடம் தட்டையாகி இருப்பதால் வருவது. சில கிலோமீட்டர் ஓடிச் சூடானால் தானாகச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் பேலன்சிங் பார்க்கலாம்.

எந்தச் சத்தம் யாருடையது

மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே பிரித்துப் பார்க்கலாம். காலியான இடத்தில், கால் ஆக்சிலேட்டரில் இல்லாமல், வண்டி தானாக ஊரும் வேகத்தில் முழுக்க ஒடித்து ஒரு வட்டம் போடுங்கள். டயர் குதிப்பு என்றால் சத்தத்தோடு ஸ்டீரிங்கிலும் இருக்கையிலும் ஓர் உதறல் தெரியும். அரைச் சுற்று ஸ்டீரிங்கைத் திருப்பிப் பிடித்தால் உடனே நிற்கும். மதியம் அதே வட்டத்தைப் போட்டால் பெரும்பாலும் வராது. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் 'கடகட' என்று வேகத்துக்கு ஏற்ப வந்தால் சிவி ஜாயிண்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா பாருங்கள். வண்டி நின்றிருக்கும்போதே ஸ்டீரிங்கைத் திருப்பினால் 'டங்' என்று ஸ்பிரிங் சுருளும் சத்தம் வந்தால் மேலே உள்ள ஸ்ட்ரட் மவுண்ட். கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் மட்டும் முனகுவது பவர் ஸ்டீரிங். பிடித்த பிடியை விட்டால் போய்விடும். பனி ஈரத்தில் நின்ற வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு பிரேக்குக்கு 'கர்' என்று கேட்பது டிஸ்க்கில் படிந்த துரு. அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

மதியத்திலும் குதிக்கிறது, டயரும் புதிது, காற்றும் சரி என்றால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டியதுதான். அதோடு முன்பக்க இரண்டு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்தானா என்றும் பாருங்கள். பஞ்சர் ஆனதும் ஸ்டெப்னியை மாட்டிவிட்டு அப்படியே மறந்து ஓட்டுகிறவர்கள் நம்மில் பலர்.

ஒடிக்கும் பழக்கம்

பார்க்கிங்கில் நின்று சொல்கிறவர்கள் "ஃபுல்லா ஒடி, ஃபுல்லா ஒடி, வா வா வா" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் அவசரம் அவர்களுக்கு. நீங்கள் இரண்டு விஷயம் செய்யலாம். வண்டியை இம்மியளவு நகர்த்திக்கொண்டே ஒடியுங்கள். நின்ற இடத்தில் ஒடித்தால் முழு எடையும் ஒரு கையகல ரப்பரின் மேல் அரைபடும், பவர் ஸ்டீரிங் மோட்டாரும் திணறும். கடைசி முட்டுவரை போனதும் கால் சுற்றாவது திருப்பிப் பிடியுங்கள். இடம் போதாவிட்டால் ஒரு தரம் கூடுதலாக ரிவர்ஸ் எடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை கிரிவலப் பாதைப் பக்கம் வண்டி எடுத்தால் தரையையும் ஒரு கண் பாருங்கள். அகல் எண்ணெய், அன்னதானத் தட்டு, மிதிபட்ட வாழைப்பழம், மேலே பனி ஈரம். இங்கே டயர் குதிக்காது, சத்தமே இல்லாமல் வழுக்கும். ஒடித்தபடி பிரேக் போடாமல், நேராக்கிவிட்டுப் போடுங்கள்.

உங்கள் வண்டி எவ்வளவு இழுபடுகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தால் கோலமாவையே பயன்படுத்துங்கள், உங்கள் வீட்டு வாசலில். தரையைப் பெருக்கிவிட்டு, முன்சக்கரத்துக்கு எதிரே ஒரு முழ அகலத்துக்கு மெல்லிசாகத் தூவி, முழுக்க ஒடித்து ஊர விடுங்கள். அதேபோல் அரைவாசி ஒடித்து இன்னொரு தரம். இரண்டு அச்சையும் செல்போனில் படம் எடுத்துவைத்து, அடுத்த மார்கழியில் ஒப்பிட்டுப் பாருங்கள். அரிசி மாவு வேண்டாம், பட்டன் இடுக்கில் ஒட்டிக்கொண்டு எறும்பு வண்டிக்குள் ஏறிவிடும். கல் மாவு வாங்குங்கள்.